போர்வெல்லில் வந்த கல்லூரி

ஊஞ்சக்காட்டில் அர்த்தநாரி தன் வீட்டுக் கொல்லையில் போட்ட போர்வெல்லில், தொள்ளாயிரம் அடி இறங்கியும் தண்ணீர் வராமல், கல்லூரி வந்தது.

போர் போட்ட அன்றைக்கு வந்தது வெறும் புகைதான். கல்மாவுப் புகை முருங்கை மரத்தின் மேல், ஓட்டின் மேல், கட்டிக்கிடந்த எருமையின் முதுகின் மேல் என்று கண்ட இடமெல்லாம் படிந்து, தெருவே ஒரே நாளில் நரைத்துப்போனது. வடக்கே போர் போடுகிற ரிக் வண்டியில் அர்த்தநாரியோடு கிடந்து வேலை செய்த கூட்டாளிகள்தான் வந்து ஓட்டிக் கொடுத்தார்கள். டீசல் காசு மட்டும் போதும் என்று சொல்லி வந்தவர்கள், கடைசியில் அதையும் வாங்காமல், அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். ஊர் ஊராய்ப் போய்ப் பிறத்தியார் காட்டிலெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்த மனுசனுக்குத் தன் கொல்லையில் ஒரு குடம் வாய்க்கவில்லையே என்று தெருவே உச்சுக்கொட்டியது.

மறுநாள் காலை பாத்திரம் கழுவப் போன அவர் மனைவி சாந்தாமணி, நட்டுவைத்த குழாய்க்குள்ளிருந்து ஒரு பெண் குரல் குட் மார்னிங் சொல்வதையும், அதற்குப் பதிலாக இளவட்டக் குரல்கள் மொத்தமாகக் குட் மார்னிங் சொல்வதையும் கேட்டாள். கழுவ எடுத்த குண்டாவை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே வந்து, பால் பொங்கிவிட்டது என்று சொல்வதைப் போல, “ஏனுங்க, நம்ம போர்ல பாடம் நடக்குதுங்க” என்றாள்.

அர்த்தநாரி போய்க் குனிந்து காது வைத்தார். குரல் சுத்தமாக வந்தது. இங்கிலீஷ் பாடம். நடுநடுவே சாக்பீஸ் கீச்சிடுவதும், யாரோ பெஞ்சை இழுத்துப் போடுவதும், அதற்கெல்லாம் அடியில் இரைந்துகொண்டே ஏதோ ஒன்று புரண்டு புரண்டு வருவதும் கேட்டது. மகள் தாரிகா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவள், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டிபோட்டுக் கேட்டாள். கேட்டவள் முகம் வெளுத்துப்போனது.

“இது என்ற காலேஜுங்ப்பா. இந்த மேடம் பேசறத ஃபோன்ல எத்தன தடவ கேட்டிருக்கறேன். அடியில கேக்குது பாருங்க, அது கடலுங்ப்பா.”

அது வேறு மாநிலத்தில், கடற்கரையில் இருக்கிற கல்லூரி. கப்பல் கட்டப் படிக்கிற கல்லூரி. மழைக்காலத்தில் குட்டை நிறைந்தாலே ஊர்கூடி வேடிக்கை பார்க்கிற ஊஞ்சக்காட்டில் பிறந்த பிள்ளைக்குக் கப்பல் மேல் எப்படி ஆசை வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆசைக்கு ஆதாரம் கேட்டால் யாரால் காட்ட முடியும். பிளஸ் டூவில் படித்த படிப்புக்கும் எழுதிய பரீட்சைக்கும் பலனாக அந்த மாதம்தான் இடம் கிடைத்திருந்தது. கட்டணமும் விடுதியும் சேர்ந்து முப்பது லட்சத்தைத் தொட்டது. வீட்டுப் பத்திரத்தை வைத்து, அப்பா கையெழுத்துப் போட்டால் கடன் தருகிறோம் என்று பேங்கில் சொல்லியிருந்தார்கள்.

கையெழுத்து என்றாலே அர்த்தநாரிக்கு உள்ளங்கை வேர்க்கும். ஒரு காலத்தில் அவரும் ரிக் வண்டி முதலாளிதான். ஃபைனான்ஸில் வாங்கிய வண்டியை வடக்கே எங்கோ ஒரு நெடுஞ்சாலையில், ஓட்டிக்கொண்டிருந்த வேலையைப் பாதியில் நிறுத்தச் சொல்லி, தவணை தப்பிப்போச்சு என்று எடுத்துக்கொண்டு போனார்கள். சோற்றுக் குண்டாவையும், பாய்களையும், முன்கண்ணாடியில் மாட்டியிருந்த சாமி படத்தையும் இறக்கிக்கொள்ள மட்டும் விட்டார்கள். அடுப்பில் பாதி வெந்திருந்த சோற்றோடு ரோட்டோரம் நின்ற அந்தப் பகல் அவருக்குள் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அடுத்தவர் வண்டியில் கூலிக்குப் போனார், யாரிடமும் பத்து ரூபாய் கைமாற்றுக்கூட வாங்கவில்லை. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

இதற்குள் தெரு முழுக்கக் கொல்லைக்கு வந்துவிட்டது. போர் போட்டுப் பிழைக்கிற ஊர் என்பதால் யாரும் பயப்படவில்லை, யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவுமில்லை. போரில் விழுகிற தண்ணீரை அளக்கிற மாதிரி, எத்தனை இஞ்ச் என்றுதான் முதலில் கேட்டார்கள். ஆளாளுக்குக் காது வைத்துப் பார்த்து, ஒண்ணரை இஞ்ச் என்று சிலரும், காலை நேரத்தில் தாராளமாக ரெண்டு இஞ்ச் வருகிறது என்று சிலரும் சொன்னார்கள். கோடையிலும் இதே அளவு நிற்குமா என்று ஒருவர் கவலைப்பட்டார். இது எங்கோ கடல்பக்கம் கிளம்புகிற ஊற்று, பாறைச் சந்தில் புகுந்து புகுந்து இங்கே வந்து உடைந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று அர்த்தநாரியின் பங்காளி நாச்சிமுத்து விளக்கம் சொன்னார். பக்கத்து வீட்டில் நான்கு விசைத்தறி ஓட்டுகிற அவர் சொன்னால் தெருவில் அதற்கு மேல் பேச்சில்லை. தன் காட்டு போரிலும் சத்தம் ஏதாவது வருகிறதா என்று பார்த்துவர ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார்.

மேற்கொண்டு என்ன ஆகும் என்று பார்த்தால், ஒன்றும் ஆகவில்லை. ஊர் தன் போக்கில் அதைச் சேர்த்துக்கொண்டது. பெண்கள் புளி கொட்டை எடுக்கிற வேலையைக் கொல்லைக்குக் கொண்டுவந்தார்கள். கோயிலில் ஐயர் சொல்வது புரிந்தா கேட்கிறோம் என்று சொல்லி, மிதப்பையும் சாய்மானத்தையும் பற்றிய இங்கிலீஷை மணிக்கணக்கில் கேட்டார்கள். தூங்காத கைக்குழந்தைகளைச் சாயங்காலம் குழாய்க்குப் பக்கத்தில் போட்டால் அலைச்சத்தத்தில் அசந்து தூங்கின. எருமைகூடப் பாட நேரத்தில் கத்துவதை விட்டுவிட்டது என்று சாந்தாமணி சொன்னதை மட்டும் யாரும் நம்பவில்லை.

பணம் கட்டக் கடைசி நாள் வந்தது. பத்திரத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, மூவரும் குளித்து உடுத்தி, பேங்குக்குக் கிளம்பி வாசலில் நின்றார்கள். வழியனுப்பத் தெருவே வந்திருந்தது. கொல்லையில் அன்றைய பாடம் ஓடிக்கொண்டிருந்தது. அர்த்தநாரி ஒரு கால் செருப்பை மாட்டியவர் அப்படியே நின்று அதைக் கேட்டார். முப்பது வருசம் தண்ணீரோடு பிழைத்தவருக்குத் தண்ணீர்க் கணக்குதான் வரும். அந்தக் கணக்கே வந்தது.

“ஊட்டுக்குள்ள பைப்புல வந்துக்கிட்டுக் கெடக்கறதுக்கு எவனாச்சும் கடன் வாங்கி லாரித் தண்ணி அடிப்பானா?” என்றார்.

அவ்வளவுதான். அத்தனை தலைகளும் ஆடின. இது நமக்குத் தோன்றாமல் போச்சே என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதே மேடம், அதே பாடம், அதே கடல். வயசுப் பிள்ளையைக் கண்காணாத ஊருக்கு அனுப்பவும் வேண்டாம், வீட்டை அடகு வைக்கவும் வேண்டாம். நாச்சிமுத்து அன்றைக்கே தன் பங்குக்கு அறிவித்தார்: “பாட நேரத்துல என்ற தறிய நிறுத்திப்போடறேன் பங்காளி. நம்ம புள்ளைக்கு ஒரு வார்த்த உடாமக் கேக்கோணும்.”

“எதுக்கும் அவளை ஒரு வார்த்த கேளுங்க” என்று சாந்தாமணி மெதுவாகச் சொன்னாள்.

கேட்டார். தப்பு அங்கேதான் நடந்தது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கவில்லை, ஒற்றைச் செருப்போடு, வாசலில், தனக்காகத் தறியை நிறுத்துகிறேன் என்று சொன்ன மனுசரையும் அத்தனை சிரித்த முகங்களையும் வைத்துக்கொண்டு, “என்ன சாமி, சரிதானே?” என்று கேட்டார். அந்த இடத்தில் ஒரு பிள்ளை என்ன சொல்லும்? தாரிகா மஞ்சள் பையைப் பார்த்தாள், அப்பாவின் உள்ளங்கையைப் பார்த்தாள்.

“சரிங்ப்பா” என்றாள்.

அப்படியாக அவள் கல்லூரியில் சேர்ந்தாள். குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சேர், மேலே வெயிலுக்குத் தென்னங்கீற்று. நாச்சிமுத்து சொன்ன சொல் தவறாமல் தறியை நிறுத்தினார். அவரைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர், அவரைப் பார்த்து அடுத்த தெருக்காரர் என்று, பொழுதெல்லாம் தடதடக்கிற ஊர் பாட நேரத்தில் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தது. கூலி குறைகிறதே என்று தறிக்காரர்கள் முனகவுமில்லை. தாரிகாவும் கெட்டிக்காரிதான், காதால் கேட்டே முக்கால்வாசி பிடித்துக்கொண்டாள். தெருப் பெண்களுக்குக்கூட நாலு வார்த்தை ஒட்டிக்கொண்டு, தலையில் குடம் சரிந்தால், கப்பல் சாயாமல் இருக்க அடியில் ஏற்றுகிற பாரத்தின் பேரைச் சொல்லி, பல்லாஸ்ட் பத்தலை என்று கிண்டலடித்துக்கொண்டார்கள்.

வராதது எது என்பது போகப் போகத்தான் தெரிந்தது. மேடம் கரும்பலகையில் ஏதோ வரைந்து, இதைப் பாருங்கள் என்பார். தாரிகா குழாயைப் பார்ப்பாள். வகுப்பில் யாரோ எதையோ செய்து எல்லோரும் சிரிப்பார்கள். என்னவென்று தெரியாமல் இவளும் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பாள். சந்தேகம் வந்தால் குனிந்து குழாய்க்குள் கேட்பாள், ஒரு தடவை, இரண்டு தடவை, பிறகு கத்தியே கேட்பாள். கீழே இருந்து மேலே வருமே தவிர, மேலே இருந்து கீழே எதுவும் போகாது. வருசத்துக்கு ஒரு தடவை வகுப்பே துறைமுகத்துக்குக் கப்பல் பார்க்கப் போய்விடும். அப்போதெல்லாம் குழாயில் காற்று மட்டும் ஊதும், தாரிகா சேரில் உட்கார்ந்து முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் சாந்தாமணி காபியோடு போனபோது, “அம்மா, ரேஷ்மான்னு ஒரு புள்ள இருக்கறாம்மா, தெனமும் லேட்டு. எனக்கு அவளை நெம்பப் புடிக்கும்” என்றாள். தம்ளரை வாங்கிக்கொண்டு, “அவளுக்கு என்னையத் தெரியாது” என்றாள். இது போதும், இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று அவள் எந்த நாளிலாவது சொல்லியிருக்கலாம். நிறுத்திவைத்த தறிகளையெல்லாம் நினைத்துச் சொல்லாமல் இருந்தாள்.

அர்த்தநாரி வடக்கேயும் வீட்டுக்குமாக வந்து வந்து போனார். வரும்போதெல்லாம் கொல்லையில் மகள் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். ராத்தங்கலில் கூட்டாளிகளிடம், “கடன் இல்லாமக் கப்பல் படிக்க வெக்கறேன், ஊர்ல எவனால முடியும்?” என்று சொல்லிச் சிரித்தார். மகள் இளைத்ததையும் பேச்சுக் குறைந்ததையும் படிப்புச் சுமை என்று எடுத்துக்கொண்டார்.

இப்படியே நான்கு வருசமும் போனது. பட்டமளிப்பு விழா என்று குழாயில் சேதி வந்தது. ஊர் அதையும் விட்டுவைக்கவில்லை. பந்தல் போட்டார்கள், குழாய் வாயில் மைக்கை இறக்கித் தெருமுனை வரை ஸ்பீக்கர் கட்டினார்கள், புளிசோறும் கேசரியும் கிண்டினார்கள், ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் ஜீப் வைத்து வந்து இறங்கினார்கள். சாந்தாமணி மட்டும் அடுப்படியில், “பேரே குடுக்காத புள்ளைய எப்படிங்க கூப்புடுவாங்க?” என்று கேட்டாள்.

“ஒரு நாள் லீவு போட்டிருப்பாளா சொல்லு? அவிங்களுக்குத் தெரியாமயா இருக்கும்?” என்றார் அர்த்தநாரி. அவர் நம்பினார். மகளுக்கு வாங்கிவந்த பட்டுப்புடவையை நேராகக் கட்டச் சொல்லி, இரண்டு தடவை மடிப்பைச் சரிசெய்யவைத்தார்.

குழாயில் கனத்த குரல் ஒன்று பெயர்களை வாசித்தது. ஒவ்வொரு பெயருக்கும் அங்கே கைதட்டினார்கள், இங்கேயும் தட்டினார்கள். நான்கு வருசமாகக் கேட்ட பெயர்கள், எல்லாம் நம் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டன. ரேஷ்மா பெயர் வந்தபோது புளி எடுக்கிற பெண்கள் விசிலே அடித்தார்கள். பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. அர்த்தநாரி மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார். கடைசிப் பெயர் என்று தெரியாமலே கடைசிப் பெயர் போய்விட்டது. தேசிய கீதம் எழும்பியது. கையில் இலையோடும் தம்ளரோடும் இருந்தவர்கள் அப்படியே எழுந்து நின்றார்கள். அது முடிந்ததும் நாற்காலிகள் இழுபடுகிற சத்தம் கேட்டது, பிறகு கடல் மட்டும் கேட்டது.

“கூட்டம் ஜாஸ்தி, அதுல உட்டுப்போச்சாட்ட இருக்குது” என்று யாரோ சொன்னார்கள். “அடுத்த தபா கூப்புடுவாங்க” என்றார் இன்னொருவர். சாப்பிட்டவர்கள் மொய்க்கவரை நீட்டினார்கள், தாரிகா புன்னகையோடு வாங்கினாள், எல்லோருக்கும் காபி கொடுத்தாள். அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால் அர்த்தநாரிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு அவளைத் தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனிக்கு அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். அசந்துபோன அதிகாரிகள், எங்கே படித்தாய், சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். போர்வெல் என்றாள். அவர்கள் மரியாதையானவர்கள், சிரிக்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். பஸ் ஏறும் முன் கடற்கரைக்குப் போனார்கள். பிறந்து முதல் தடவையாகக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற தாரிகா, “நம்மூட்டுதுதாங்ப்பா சத்தம் ஜாஸ்தி” என்றாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவள், வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள்.

“கோவமில்லீங்ப்பா. அன்னைக்கு நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா, நான் படிச்சு முடிச்சுக் கடனைக் கட்டியிருப்பனோ என்னமோ. கட்ட முடியாம ஊடும் போயி, நாம மூணு பேரும் குண்டாவத் தூக்கிக்கிட்டு ரோட்டுல நின்னிருப்பமோ என்னமோ. ரெண்டுல எதுன்னு தெரியாமயே போச்சுங்ப்பா. அதுதான்.”

ரோட்டில் நின்ற அந்தப் பகலை அவர் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தார். தான் நின்ற ரோட்டுக்குப் பயந்து, மகள் போகவேண்டிய ரோட்டையும் சேர்த்து அடைத்துவிட்டோம் என்பது அவருக்கு அந்த சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது புரிந்தது. மகளுடைய கையைப் பிடிக்க நினைத்துப் பிடிக்காமல், முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்தால், கொல்லையில் புதுக் குரல்கள் குட் மார்னிங் சொல்லிக்கொண்டிருந்தன. புது வருசப் பிள்ளைகள். நாச்சிமுத்து சிரித்த முகமாக, கையில் ஒரு புது பிளாஸ்டிக் சேரோடு வந்தார். அவர் மகள் இனியாவுக்கு மதுரைப் பக்கம் சட்டம் படிக்க இடம் கிடைத்திருந்தது.

“பேங்குல கடன் தர்றானாமா. எதுக்குப் பங்காளி அந்த வம்பு? நம்ம தாரிகாவாட்டம் இங்கயே சேரைப் போட்டுக்கிட்டு உக்காந்துக்கட்டும். தறிய நிறுத்தியும் பழகிப்போச்சு.”

“இங்க வர்றது கப்பல் பாடமுங்க சித்தப்பா” என்றாள் தாரிகா.

“படிப்புன்னா படிப்புதான் கண்ணு. கப்பலென்ன, கோர்ட்டென்ன” என்று சொல்லிச் சேரைக் குழாய்க்குப் பக்கத்தில் போட்டுவிட்டு அவர் சாப்பிடப் போனார். வேலிக்கு அந்தப் பக்கம் இனியா நின்றுகொண்டிருந்தாள். அந்தச் சேரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாரிகா உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு, கடப்பாரையும் கூடையுமாக வந்தாள்.

“மூடிருலாங்ப்பா.”

அர்த்தநாரி திடுக்கிட்டார். தண்ணீர் வராத புகை போரை ஆயிரம் மூடியிருக்கிறார். ஊற்று உடைந்த போரை மூடுவது அவர் தொழிலில் பெற்ற பிள்ளையைப் புதைக்கிற மாதிரி. “ஓடற போரு சாமி” என்றார்.

“நான் நாலு வருசம் குடிச்சுப் பாத்துட்டனுங்ப்பா. இது ஓடற போரில்ல.”

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். போர் போட்ட அன்றைக்கு எடுத்துக் குவித்த கல்மாவும் சரளையும் முருங்கைக்கு அடியில்தான் கிடந்தன. மகள் வாரிக் கொடுக்க, அவர் கொட்டினார். முதல் கூடைகள் விழுந்த சத்தமே கேட்கவில்லை. மேடம் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தார். ஒரு கூடை விழும், கொஞ்சம் குரல் குறையும். சாந்தாமணி வந்து பார்த்துவிட்டு, எதற்கு என்று கேட்காமல், தானும் ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் மாற்றி மாற்றிக் கொட்டினார்கள், பேச்சு நின்று சிரிப்பு மட்டும் வந்தது, சிரிப்பு நின்று சாக்பீஸ் மட்டும் வந்தது, கடைசியாகக் கடல் மட்டும் வந்தது, அதன் மேலும் கொட்டினார்கள். தாரிகா மேலே மண்ணைத் தள்ளி, காலால் மிதித்துச் சமம் செய்துவிட்டு, அப்பா முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

சாப்பிட்டுவிட்டுப் பல்லைக் குத்திக்கொண்டு வந்த நாச்சிமுத்து, மூடிக்கிடந்த இடத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

“என்ன பங்காளி இப்படிப் பண்ணிப்போட்டீங்க! இனி என்ற புள்ள எங்க போயிப் படிக்கும்?”

அர்த்தநாரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணைப் பார்த்தார். அவருக்கு உள்ளங்கை வேர்த்திருந்தது, வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“எங்க எடம் கெடச்சுதோ, அங்க போயிப் படிக்கட்டும்” என்றார்.

ஒரு வாசலில், ஒற்றைச் செருப்போடு நின்று, அவர் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. அதைக் கேட்டிருக்க வேண்டியவள் அப்போது உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தாள்.